மணலைக் கிளற யாரை விடுவது?

என் அக்கா மகன் பாறசாலையில் இருக்கிறான். நான் மார்த்தாண்டத்தில். களியக்காவிளை தாண்டினால் அவன் வீடு. நான்கு மாதத்துக்கு முன்னால் மூன்றடித் தொட்டி ஒன்று வாங்கி, கடல்நீர் கலந்து, ஒரு ஜோடி கோமாளி மீன் விட்டிருந்தான். போன வாரம் போன் பண்ணினான்.

"மாமா, மணல் பூரா பழுப்பாப் படியுது. ஒரு டைமண்ட் கோபி வாங்கி விட்டா எல்லாத்தையும் தின்னு வெள்ளையாக்கிடும்னு கடையில சொல்றாங்க. வாங்கட்டுமா?"

"வாங்காத மக்கா" என்றேன். டைமண்ட் கோபி மணலை வாயில் அள்ளிச் சலிக்கும் ஒரு கடல் மீன். ஏன் வாங்கக்கூடாது என்று கேட்டான். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் நானும் இதே காரணத்துக்காகத்தான் டைமண்ட் கோபி வாங்கினேன். நாலடித் தொட்டி, ஏறக்குறைய 250 லிட்டர். தொட்டி வைத்து மூன்றாவது மாதம். மீன் வந்த முதல் வாரம் வீட்டில் எல்லோரும் தொட்டியின் முன்னால்தான். வாய் நிறைய மணலை அள்ளும், இரண்டு செவுள் வழியாகவும் பொழியும், ஒரு சாண் நகரும், மறுபடி அள்ளும். பத்தே நாளில் மணல் சுண்ணாம்பு போல வெளுத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாவது மாதம் அதன் வயிறு உள்ளே ஒட்டியது. முதுகில் சதை கரைந்து தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அப்போதும் நாள் முழுக்க மணலை அள்ளிக்கொண்டேதான் இருந்தது. தின்கிறது என்றே நான் நினைத்தேன். மூன்றாவது மாதம் ஒரு காலையில் பாறைக்கு அடியில் செத்துக் கிடந்தது. அள்ளிய மணலில் தின்ன எதுவுமே இல்லை என்பது அது போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

கோபி பெரிய குடும்பம். நம் ஆற்றிலும் காயலிலும் பிடிபடும் உளுவையும் இதே குடும்பம்தான். அதில் வலென்சியென்னியா என்ற பேரினத்து மீன்கள்தான் மணல் சலிப்பவையாகக் கடைக்கு அதிகம் வருகின்றன. புட்டு மாவு அரிக்கிற அரிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். செவுளின் உள்பக்கம் சீப்புப் பல் போல ஓர் அமைப்பு உண்டு. மணல் அதன் வழியே வெளியே போய்விடும். மணலுக்குள் வாழும் கோப்பிபாட், ஆம்பிபாட் என்ற பொடி இறால் போன்ற உயிர்கள், நூல் போன்ற புழுக்கள், பொடிச் சிப்பிகள் வாயில் தங்கும். அதன் சாப்பாடு அவைதான்.

மணலில் படியும் பழுப்பு டயாட்டம் என்ற நுண்பாசி. தண்ணீரில் கரைந்திருக்கும் சிலிக்கேட்டை எடுத்துத் தனக்கு ஓடு கட்டிக்கொள்ளும். கோபி அதைத் தின்பதில்லை, புரட்டிப் போடுகிறது, அவ்வளவுதான். மேலே இருந்த பழுப்பு கீழே போகிறது, கீழே இருந்த வெள்ளை மேலே வருகிறது. புதுத் தொட்டியில் டயாட்டம் வருவது வழக்கம், பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குறையும். மாதக்கணக்கில் குறையவில்லை என்றால் உப்பு கலக்கும் தண்ணீரைப் பார்க்க வேண்டும். கிணற்று நீரையோ குழாய் நீரையோ அப்படியே ஊற்றினால் ஒவ்வொரு முறையும் சிலிக்கேட்டையும் சேர்த்தே ஊற்றுகிறோம். ஆர்.ஓ. நீரை, மீதம் கரைந்திருப்பதையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் வழியாக விட்டு எடுத்தால் அந்த வரவு அநேகமாக நின்றுவிடும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மணல் பழுப்பாகி நம் கண்ணை உறுத்துவது தொட்டியின் முதல் சில மாதங்களில். மணலுக்குள் சிறு உயிர்கள் இன்னும் பெருகாமல் இருப்பதும் அதே மாதங்களில்தான். அதாவது, கோபி வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிற நேரம்தான் அதற்குத் தீனியே இல்லாத நேரம். குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம் ஓடிய தொட்டியில்தான் இந்த மீனை விட வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். அப்போதும் மணலில் இருக்கும் உயிர்களைச் சில வாரங்களில் அது தின்று தீர்த்துவிடும். அதற்குப் பிறகு அதை உயிரோடு வைத்திருப்பது நம் கை.

சரி, பழைய தொட்டி இருக்கிறது, கோபி வைத்தே ஆக வேண்டும் என்றால் எது?

டைமண்ட் கோபி, அறிவியல் பெயரில் வலென்சியென்னியா பியூயெல்லாரிஸ், வெளிர் உடம்பில் ஆரஞ்சுப் புள்ளிகள் கொண்டது. 20 செ.மீ. வரை வளரக்கூடியது. பெரும்பாலும் மணலை ஒட்டியே இருந்து வேலை செய்யும். ஆனால் வளை தோண்டும், மணலைக் குன்று குன்றாகக் குவிக்கும், பாறையின் அடியைப் பறித்துவிடும். மணலைப் போட்டுவிட்டு அதன் மேல் பாறையை அடுக்கியவர்கள் ஒரு நாள் கண்ணாடியில் கல் சரிந்து மோதும் சத்தம் கேட்டு எழுந்து ஓட வேண்டியிருக்கும். முதலில் பாறையை அடிக்கண்ணாடியில் அசையாமல் உட்காரவைத்து, அப்புறம்தான் சுற்றிலும் மணல் போட வேண்டும்.

தங்கத்தலை கோபி, வலென்சியென்னியா ஸ்ட்ரிகாட்டா, பார்க்க இன்னும் அழகு. வெள்ளை உடம்பு, மஞ்சள் முகம், கண்ணுக்குக் கீழே நீலக் கோடு. 18 செ.மீ. வரை போகும். வாயில் மணலோடு மேலே நீந்தி வந்து, அங்கிருந்து தூவும் பழக்கம் இதற்கு அதிகம். வெளிநாட்டு அறிவுரைகளில் பலர் இதை வேண்டாம் என்று சொல்வதற்கு அந்தத் தூவல்தான் காரணம். மணல் பவளங்கள் மேல் விழுந்து அவற்றை மூடிவிடும். நம் நிலைமை வேறு. கல்பவளங்கள் நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. எடுப்பதும் விற்பதும் குற்றம். அதனால் நம் பக்கத்து வீட்டுத் தொட்டிகள் பெரும்பாலும் மீனும் பாறையும் மட்டும். பாறை மேல் மணல் விழுந்தால் என்ன, தட்டிவிட்டால் போகிறது. அந்தக் காரணத்தை வைத்து ஸ்ட்ரிகாட்டாவைத் தள்ள வேண்டியதில்லை. நமக்குப் பார்க்க வேண்டியது பம்பை மட்டும்தான்: நீரோட்டம் உண்டாக்கும் பம்பான வேவ்மேக்கரைத் தாழ்வாக மாட்டியிருந்தால் மணல் உள்ளே போய் விசிறியைத் தேய்த்துவிடும். உயர்த்தி மாட்டுங்கள்.

ஆனால் ஸ்ட்ரிகாட்டாவின் பசி டைமண்டின் பசிக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. அந்த இடத்தில் இரண்டும் ஒன்றே.

ஆறுபுள்ளி கோபி, செக்ஸ்குட்டாட்டா, இந்தக் கூட்டத்தில் சின்னது, 14 செ.மீ. வரைதான். கன்னத்தில் நீலப் பொட்டுகள், முதல் முதுகுத் துடுப்பின் நுனியில் கறுப்புப் பொட்டு. நிறத்தில் மற்ற இரண்டின் பக்கத்தில் நிற்காது, அதனால் கடைக்காரர்களும் இதைப் பெரிதாக எடுத்துச் சொல்வதில்லை. எனக்கோ இந்த மூன்றில் வீட்டுத் தொட்டிக்கு ஏற்றது இதுதான் என்று படுகிறது. உடம்பு சிறிதென்றால் அதற்குத் தேவையான தீனியும் குறைவு, மணல் பரப்பும் குறைவு.

வலென்சியென்னியாவை விட்டு வெளியே வந்தால் ட்ராகன் கோபி என்று விற்கும் அம்ப்ளிகோபியஸ் ஃபலேனா இருக்கிறது. 15 செ.மீ. மணலையும் சலிக்கும், பாசியையும் கொறிக்கும். இரண்டு வழியில் சாப்பிடத் தெரிந்த மீன் என்பதால் பட்டினியில் போவது குறைவு. கடைத் தீனிக்கும் சீக்கிரம் பழகும். முதன்முதலாக மணல் சலிக்கும் கோபி வைக்கிறவர் என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். ரெயின்ஃபோர்ட் கோபி என்ற சின்ன மீன், எட்டு ஒன்பது செ.மீ.தான், இழைப்பாசி இருக்கும் பழைய தொட்டியில் மட்டும் தேறும். முதுகுத் துடுப்புகளில் இரண்டு பெரிய வட்டக்கண் கொண்ட நண்டுக்கண் கோபியைக் கடையில் பார்த்தால் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். ஜோடியாக வாழ்வது, ஜோடி பிரிந்தால் வாடிப்போகும். நன்றாகப் பழகியவர்கள் கையிலேயே நிலைப்பது கஷ்டம்.

இங்கே மனதில் உறுத்துகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கோமாளி மீனையும் டாம்சல் மீனையும் விழிஞ்ஞத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் குஞ்சு பொரிக்கவைத்தே வளர்த்திருக்கிறார்கள். தொட்டியில் பிறந்த மீன் தொட்டித் தீனியைச் சாப்பிட்டே வளர்கிறது. மணல் சலிக்கும் கோபிகளோ அநேகமாக எல்லாமே கடலில் பிடித்தவை. மணலைத் தவிர வேறு எதையும் சாப்பாடு என்று அறியாமல் பிளாஸ்டிக் பையில் ஏறி, பல கைகள் மாறி, பட்டினியோடு நம் வீட்டுக்கு வருகின்றன. வெறும் மணலைத் துடைக்க ஒரு துணி வேண்டும் என்பதற்காக அப்படி ஓர் உயிரை வாங்குவது எனக்கு இப்போது ஒப்பவில்லை.

மணல் சுத்தம் மட்டும்தான் வேண்டுமென்றால் அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

முதலில் நத்தைகள். செரித் நத்தை மணலுக்குள்ளும் மேலுமாகத் திரிந்து பாசியையும் கழிவையும் தின்னும். டயாட்டத்துக்கு நேரடியான பதில் இதுதான். நஸாரியஸ் நத்தை மணலுக்குள் புதைந்திருக்கும், தீனி போட்ட வாசனை வந்ததும் மூக்கை நீட்டிக்கொண்டு மேலே வரும். அது தின்பது மீந்த தீனியை, செத்ததை, பாசியைத் தொடாது. இரண்டையும் ஒன்று என்று நினைத்து நஸாரியஸை வாங்கிவிட்டு மணல் இன்னும் பழுப்பாகவே இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. கொஞ்சம் பெரிய மணல் பரப்பு இருந்தால் சின்னச் சங்கு வகை, ஃபைட்டிங் காங்க் என்று விற்பது, மிக நல்லது. இரண்டு கண்களைக் காம்பில் தூக்கிக்கொண்டு, தும்பிக்கை மாதிரி வாயை நீட்டி மணல் மேல் படிந்ததை நாள் முழுக்க மேய்ந்துகொண்டிருக்கும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சாதுவான பிராணி. நம் சட்டத்தில் சில சங்கு, சிப்பி இனங்களும் பாதுகாப்பில் இருக்கின்றன என்பதால் எந்த இனம் என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு வாங்குங்கள்.

மணல் சலிக்கும் நட்சத்திர மீன், அஸ்ட்ரோபெக்டென், இதே வேலைக்கென்று விற்கிறார்கள். வேண்டாம். மணலில் இருக்கும் உயிர் எல்லாவற்றையும், நத்தையையும் சேர்த்து, தின்று தீர்த்துவிட்டுப் பட்டினி கிடந்து சாகும். கோபியாவது மெலிவது கண்ணுக்குத் தெரியும், கையால் தீனி கொடுத்துக் காப்பாற்றலாம். இது மணலுக்குள்ளேயே கரைந்துபோகும்.

கடல் அட்டையைப் பற்றி ஒரே பேச்சுதான். மணலைச் சுத்தப்படுத்துவதில் அதை மிஞ்ச ஆளில்லை, ஆனால் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இருக்கும் உயிரினம். குளச்சலிலோ தேங்காப்பட்டணத்திலோ வலையில் சிக்கியது என்று யாராவது கொண்டுவந்து தந்தாலும் வாங்கக்கூடாது. போதாததற்கு, பம்பில் மாட்டிக்கொண்டாலோ செத்துப்போனாலோ அது வெளியிடும் நஞ்சு தொட்டி மீன்களையே கொன்றுவிடும்.

கடைசியாக ஒரு குழாய். கண்ணாடிக் குழாய் பொருத்திய சைஃபன் பைப்பால், தண்ணீர் மாற்றும்போது மணலின் ஒரு பகுதியை உறிஞ்சிச் சுத்தம் செய்வது. வாரம் ஒரு மூலை, நாலு வாரத்தில் தொட்டி முழுதும். அதோடு வேவ்மேக்கரைக் கொஞ்சம் திருப்பி, மணல் மேல் நீரோட்டம் தேங்காமல் பார்த்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இதில் சாவதற்கு எதுவும் இல்லை. பழைய தொட்டியில் கோபி விடப் போகிறவர்களும் முதலில் இதைச் செய்ய வேண்டும். வருடக்கணக்கில் தொடாத மணலைக் கோபி ஒரே நாளில் கிளறினால் அடியில் தங்கிய அழுக்கு மொத்தமும் தண்ணீரில் கலந்து அமோனியா ஏறும்.

மணலைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது, அதுவும் நம் ஊரில். கடற்கரை இத்தனை பக்கத்தில் இருக்கும்போது மணலைக் காசு கொடுத்து வாங்குவதா என்று எல்லோருக்கும் தோன்றும். என் தொட்டிக்கு நண்பர் ஒருவர் ஒரு சாக்கு மணல் கொண்டுவருவதாகவே சொன்னார். மணவாளக்குறிச்சியில் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் கடற்கரை மணலிலிருந்து இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட், கார்னெட் என்று பிரித்தெடுக்கிறது. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, அது கதிரியக்கத் தனிமம். கார்னெட் உப்புத்தாளில் ஒட்டுகிற அளவுக்குக் கடினமான, கூரான கல். நாள் முழுக்க வாயாலும் செவுளாலும் மணலை அரிக்கிற மீனுக்கு நம் கருமணலையும் செம்மணலையும் போடுவது பாவம். சுண்ணாம்புச் சத்தால் ஆன அரகோனைட் மணல்தான் வாங்க வேண்டும். ரவை பதத்தில், ஒரு மில்லிமீட்டரும் அதற்குக் கீழும், ஐந்திலிருந்து ஏழு செ.மீ. ஆழத்துக்கு. கல்லுப்பு பதத்தில் இருக்கும் உடைத்த பவளத் துகளை அது வாயில் எடுத்தால் செவுள் கிழியும்.

இனி தீனி. என்னிடம் இப்போது இருப்பது ஆறுபுள்ளி, மூன்று வருடமாக நன்றாக இருக்கிறது. காலையில் ஒரு முறை, வேலையிலிருந்து வந்ததும் ஒரு முறை, விளக்கு அணைப்பதற்கு முன் ஒரு முறை. பொடி இறால் போன்ற உறைந்த மைசிஸ்தான் முக்கியம். ஆர்டீமியா என்ற உப்புநீர்ப் பொடி இறால் அவசரத்துக்கு மட்டும், சத்து ஏற்றாத ஆர்டீமியாவில் ஒன்றும் இல்லை. நம் மீன் சந்தையில் கிடைக்கும் சின்ன இறாலையும் மட்டியையும் நன்றாகக் கழுவி, ஃப்ரீசரில் சில நாள் வைத்து, பொடிப்பொடியாக நறுக்கிக் கொடுக்கிறேன். மெலிந்து வந்த மீனைத் தேற்றுவதற்கு மட்டி இறைச்சி போல ஒன்று நான் பார்க்கவில்லை. தண்ணீரில் தூவினால் கோமாளி மீன் முந்திக்கொள்ளும், கோபிக்கு எதுவும் இறங்காது. ஒரு நீளக் குழாயின் நுனியை அதன் வாய்க்கு முன்னால் மணலில் வைத்து, பம்பை நிறுத்திவிட்டு, மெதுவாக விட வேண்டும். இரண்டு வாரத்தில் குழாயைக் கண்டதும் வளையை விட்டு வெளியே வரும்.

கடையில் பார்க்கும்போதே வயிறு உருண்டு இருக்கிறதா என்று பாருங்கள். மேலிருந்து பார்த்தால் தலைக்குப் பின்னால் உடம்பு குறுகாமல் இருக்க வேண்டும். நம் கண் முன்னால் மைசிஸ் சாப்பிட்டால் மட்டும் வாங்குங்கள். மணல் இல்லாத கடைத் தொட்டியில் மூலையில் ஒதுங்கி நிற்கும் கோபியைப் பரிதாபப்பட்டுத் தூக்கி வராதீர்கள். பெரும்பாலும் அது கடைசிக் கட்டம். ஒரு தொட்டிக்கு ஒன்று போதும். இயற்கையில் இவை ஜோடியாக வாழ்பவை, ஆனால் ஏற்கெனவே சேர்ந்த ஜோடியாகக் கிடைத்தால்தான் இரண்டு. நாமே இரண்டைச் சேர்த்தால் அடித்துக்கொள்ளும்.

மூடி இல்லாத தொட்டியில் இந்த இனம் எதையும் விடாதீர்கள். பயந்தால் அம்பு போல மேலே பாயும். எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் மின்சாரம் போய்த் திரும்பி வந்தபோது விளக்குச் சட்டென்று எரிந்ததும் மீன் தரையில் விழுந்து கிடந்தது. ஆனி, ஆடி மழையிலும் ஐப்பசி மழையிலும் மின்தடை நமக்குப் பழகியது, மீனுக்குப் பழகவில்லை. குளச்சலில் வலை விற்கும் கடையில் பொடிக்கண்ணி நைலான் வலை வாங்கிச் சட்டத்தில் இழுத்துக் கட்டினேன். வயர் போகும் மூலையைக்கூட விடவில்லை.

இப்போது மருமகன் விஷயம். அவனுடைய தொட்டி 180 லிட்டர்தான் வரும், வயது நான்கு மாதம். டைமண்டுக்கும் தங்கத்தலைக்கும் அந்த இடம் எப்போதும் போதாது. ஆறுபுள்ளியோ ட்ராகனோ ஒரு வருடம் கழித்து யோசிக்கலாம். அதற்குள் அவன் ஒரு நாளைக்கு மூன்று முறை தீனி கொடுக்க முடிகிறவனா என்பது அவனுக்கே தெரிந்திருக்கும். அவன் வேலை திருவனந்தபுரத்தில், காலை ஏழு மணிக்கு ரயில் ஏறினால் இரவுதான் வீடு. எனக்கு அதுதான் பெரிய தயக்கம். மதியத் தீனி கொடுக்க அக்கா இருக்கிறாள் என்கிறான். அக்காவிடம் நான் இன்னும் கேட்கவில்லை.

கோபிதான் வேண்டும், இப்போதே வேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடித்தால் மஞ்சள் வாட்ச்மேன் கோபியைச் சொல்வேன். மணல் சலிக்கிற இனம் இல்லை, தொட்டியை வெள்ளையாக்காது. பிஸ்டல் இறாலோடு சேர்த்து விட்டால் இரண்டும் ஒரே வளையில் குடித்தனம் நடத்தும். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது, அது மணலைத் தள்ளித் தள்ளி வளை வெட்டிக்கொண்டே இருக்கும். கோபி வாசலில் காவல் நிற்கும். வெளியே வரும்போது இறால் தன் மீசையைக் கோபியின் உடம்பில் தொட்டபடியே வரும், ஆபத்து என்றால் கோபி வாலைச் சிலிர்க்கும், இரண்டும் உள்ளே ஓடிவிடும். பத்து செ.மீ. மீன், மிதந்து வரும் தீனியை எட்டிப் பிடித்துச் சாப்பிடும், நாள் முழுக்க மணலை நம்பி வாழ்வதில்லை. மூன்றடித் தொட்டிக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தோன்றவில்லை.

நேற்று இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். "அப்போ பழுப்பு, மாமா?" என்றான். வரும் ஞாயிறு அவன் வீட்டுக்குப் போகிறேன். சைஃபன் பைப்பும், இருபது லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரும், என் தொட்டியில் பெருகிய செரித் நத்தையில் ஒரு பத்தும் கொண்டுபோகிறேன். மூடிக்கு அளவு எடுக்க டேப்பும் எடுத்துவைத்திருக்கிறேன்.